ஓட்டு கேட்க வந்த பொம்மைங்க: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் பழைய தகரப் பொம்மைங்க பத்தி எழுதினப்ப, அமெரிக்கத் தேர்தல்கள்ல வேட்பாளர் பேரைப் போட்டு இலவசமா குடுத்த பொம்மைங்களைப் பத்தி ரெண்டு வரி சொல்லியிருந்தேன். அந்த ரெண்டு வரியைப் பிடிச்சுக்கிட்டு வந்த கடிதமும் மெயிலும்தான் இந்தத் தடவை பகுதி முழுக்க. வாசகர்கள் பேர் போடலை, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: நாங்க அமெரிக்காவுல நியூஜெர்சி எடிசன்ல இருக்கோம். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் வீட்டைக் காலி பண்றப்ப வாசல்ல போட்டு வித்த சாமான்ல ஒரு சின்ன தகரப் பொம்மை வாங்கினேன், பின்னாடி ஒரு தகடு இருக்கு, அமுக்கினா டிக் டிக்னு சத்தம் வருது, முன்னாடி 'கிளிக் வித் டிக்'னு அச்சடிச்சிருக்கு. பையன் நாள் பூரா அதைத்தான் வச்சு விளையாடுறான். இது என்ன, விலை போகுமா? (எடிசன் வாசகி)

பதில்: அது 1960 ஜனாதிபதி தேர்தல் சாமான்மா. குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன், அவரை டிக்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க, எதிர்ல நின்னவர் ஜான் கென்னடி. கூட்டத்துக்கு வர்றவங்க கையில இதை ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டா போதும், தலைவர் மேடை ஏறினதும் ஆயிரம் பேரு ஒண்ணா அமுக்குவாங்க, சத்தம் கிளம்பும், கூட்டம் முடிஞ்சதும் அப்பா அதைச் சட்டைப்பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போவார், மறுநாள் அது பிள்ளையோட பொம்மை. உங்க பகுதியில நியூவார்க்ல கிர்ச்சாஃப்னு ஒரு கம்பெனி இந்த மாதிரி தகர விசில், கிலுகிலுப்பை, டிக் டிக் பொம்மை எல்லாம் செஞ்சாங்க, அதனால அந்த வட்டாரத்துல பழைய வீடு காலி பண்றப்ப தகரச் சத்தப் பொம்மை கிடைச்சா பின்பக்கம் என்ன முத்திரை இருக்குன்னு பாருங்க.

விலை பெருசா போகாது, ஏன்னா ஏகப்பட்டது செஞ்சு ஏகப்பட்டது மிச்சமும் இருக்கு. ஆனா விலையை விட முக்கியமான ஒண்ணு சொல்லணும், பையன் கையிலேர்ந்து அதை இன்னைக்கே வாங்கி வச்சிடுங்க. அமெரிக்காவுல பொம்மைக்கு அடிக்கிற பெயின்ட்ல ஈயம் கலக்குறதுக்குத் தடை வந்தது 1978லதான், 1960 பொம்மையில ஈயம் இருக்க வாய்ப்பு நிறைய, பிள்ளைங்க வாயில வைக்கும். இன்னொண்ணும் செய்யுங்க. யார்கிட்ட வாங்கினீங்க, எந்தத் தெரு, அவங்க வீட்டுல யார் அந்தக் கூட்டத்துக்குப் போனாங்க, இதெல்லாம் கேட்க முடிஞ்சா கேட்டு ஒரு சீட்டுல எழுதி அது கூடவே வச்சிடுங்க. இந்தத் துறையில என் கருத்து இதுதான், பொம்மை யார் பேர்ல வந்ததுங்கிறதை விட யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போச்சுங்கறதுதான் அதோட உயிர், அந்த விவரம் தொலைஞ்சா மிச்சம் வெறும் தகரம்தான்.

கேள்வி: ஓட்டு போடாத குழந்தைக்கு எதுக்கு சார் பொம்மை? பெரியவங்களுக்கு ஏதாவது குடுத்தா ஓட்டாவது விழும். (ஈரோடு வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வியும் கூட. இதுக்கு 1896 தேர்தலுக்குப் போகணும். அந்த வருஷம் அமெரிக்காவுல சண்டையே தங்கமா வெள்ளியாங்கிறதுதான், அதாவது நாட்டோட பணம் தங்கத்தை மட்டும் அடிப்படையா வச்சு இருக்கணுமா இல்ல வெள்ளியையும் தாராளமா நாணயமா அடிக்க விடணுமான்னு. தங்கம் பக்கம் வில்லியம் மெக்கின்லி, வெள்ளி பக்கம் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், கடன்ல முங்கிக்கிடந்த விவசாயிங்க நிறைய பேர் பிரையன் பின்னாடி நின்னாங்க. அந்தத் தேர்தல்ல சோப்புல செஞ்ச சின்னக் குழந்தை பொம்மையை ஒரு அட்டைப் பெட்டியில படுக்க வச்சுக் குடுத்தாங்க, கூட ஒரு சீட்டு, அதுல 'எங்க அப்பா மெக்கின்லிக்குத்தான் ஓட்டுப் போடுவார்'னு எழுதியிருக்கும். பிரையன் பேர்லயும் அதே மாதிரி சோப்புக் குழந்தை வந்துச்சு.

இப்ப உங்க கேள்விக்கு பதில் அந்தச் சீட்டுலயே இருக்குல்ல? ஓட்டு அப்பாவோடது, பொம்மை பிள்ளையோடது, பேசுறது பிள்ளை வாயால. அம்மாவும் ஓட்டுப் போட முடியாத காலம் அது, மேற்குப் பக்கம் மூணு நாலு மாநிலம் தவிர பெண்களுக்கு ஓட்டு கிடையாது, நாடு முழுக்க வந்தது 1920லதான். நோட்டீஸ் குடுத்தா வாசல்லயே கிழிச்சுப் போட்டுடுவாங்க, ஆனா பிள்ளை ஆசையா வச்சிருக்கிற சாமானை எந்த அப்பாவும் தூக்கிப் போட மாட்டார், அது அலமாரியில உட்கார்ந்துக்கிட்டு தினமும் அவர் கண்ணுல படும். இதைக் கண்டுபிடிச்சவங்க ரொம்ப நுணுக்கமா மனுஷங்களைப் படிச்சவங்கன்னு நான் நினைக்கிறேன், அதே சமயம் குழந்தையைத் தூது அனுப்பறது சரியான்னு ஒரு உறுத்தலும் எனக்கு உண்டு, ரெண்டும் சேர்ந்துதான் அந்தப் பொம்மையைக் கையில எடுக்கறப்ப மனசுல ஓடும்.

அதே 1896ல பெரியவங்களுக்கும் ஒரு விளையாட்டுச் சாமான் இருந்துச்சு, தங்க வண்டுன்னு சொல்லுவாங்க. கோட்டுல குத்திக்கிற பித்தளை வண்டு, ஒரு இடத்துல அமுக்கினா ஸ்பிரிங் விட்டு ரெண்டு இறக்கையும் படக்குனு விரியும், ஒரு இறக்கையில மெக்கின்லி படம், இன்னொண்ணுல துணை ஜனாதிபதி வேட்பாளர் ஹோபர்ட் படம். வெள்ளிக்காரங்களும் வெள்ளி வண்டு போட்டாங்க. ஸ்பிரிங் இன்னும் வேலை செய்யற வண்டு கிடைச்சா நீங்க அதிர்ஷ்டசாலி, ஆனா யார் வந்தாலும் அமுக்கிக் காட்டிக்கிட்டே இருக்காதீங்க, நூறு வருஷம் தாண்டின ஸ்பிரிங் ஒரு நாள் விட்டுடும்.

பிள்ளைங்க வழியா வீட்டுக்குள்ள வர்றது அதோட நிக்கலை. 1948ல ஹாரி ட்ரூமன் வாழ்க்கைக் கதையைக் காமிக்ஸ் புத்தகமாவே அடிச்சு ஜனநாயகக் கட்சி விநியோகம் பண்ணுச்சு. 1952ல ஐசனோவர் நின்னப்ப, சாய்ச்சு சாய்ச்சுப் பார்த்தா படமும் எழுத்தும் மாறி மாறித் தெரியற பேட்ஜ் வந்துச்சு, நம்ம ஊர்ல அளவுகோல்லயும் சாமி படத்துலயும் வருமே, அந்த ஜாதிதான், எல்லாப் பிள்ளையும் அதைக் கேட்டு வாங்கியிருக்கும்.

கேள்வி: டெடி பியர் கரடி பொம்மையே அமெரிக்க ஜனாதிபதிக்காகச் செஞ்ச தேர்தல் பொம்மைன்னு எங்க காலேஜ்ல சொன்னாங்க, உண்மையா? (கோவை மாணவி)

பதில்: பாதி உண்மைமா. 1902 நவம்பர்ல ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் (டெடிங்கிறது அவரோட செல்லப்பேர்) மிசிசிப்பிக்கு வேட்டைக்குப் போனார், வழிகாட்டியா வந்தவர் ஹோல்ட் காலியர், ஒரு காலத்துல அடிமையா இருந்தவர், பேர் பெற்ற கரடி வேட்டைக்காரர். ரூஸ்வெல்ட்டுக்குக் கரடி ஒண்ணும் மாட்டலைன்னு ஒரு கரடியைப் பிடிச்சு மரத்துல கட்டி வச்சு சுடச் சொன்னாங்க, கட்டிப்போட்ட விலங்கைச் சுட மாட்டேன்னுட்டார். (காயம்பட்ட அந்தக் கரடியைத் துன்பப்படாம முடிச்சிடச் சொன்னதும் அவர்தான், கதை சொல்றவங்க அதை விட்டுடுவாங்க.) கிளிஃபோர்ட் பெரிமேன் அதை வாஷிங்டன் போஸ்ட்ல கார்ட்டூனா போட்டார். அதைப் பார்த்து புரூக்ளின்ல மிட்டாய்க் கடை வச்சிருந்த மோரிஸ் மிக்டம், அவரோட மனைவி ரோஸ் ரெண்டு பேரும் துணியில கரடி தச்சு கடையில வச்சாங்க, கிட்டத்தட்ட அதே நேரத்துல ஜெர்மனியில ஸ்டைஃப் கம்பெனியும் கரடி பொம்மை செஞ்சுச்சு. 1904 தேர்தல்ல ரூஸ்வெல்ட் நிக்கறப்ப கரடி அவரோட அடையாளமாவே ஆயிடுச்சு. ஆனா கடையில காசு குடுத்து வாங்கின பொம்மை அது, கட்சி கையால குடுத்தது இல்ல. அதனால என் அலமாரியில டெடி பியருக்கு வேற தட்டு.

அடுத்து வந்த டாஃப்டுக்கும் ஒரு பொம்மை பிடிக்கணும்னு முயற்சி நடந்துச்சு. 1909 ஜனவரியில அட்லாண்டாவுல அவருக்குப் பெரிய விருந்து, ஒப்பாசம்னு ஒரு விலங்கைச் சமைச்சு வச்சாங்க, அதையே வச்சு பில்லி பாசம்னு பொம்மை செஞ்சு கரடியை ஓரம் கட்டிடலாம்னு பார்த்தாங்க. நீள மூக்கு, முடியில்லாத வாலு, யார் கட்டிப்பிடிச்சுத் தூங்குவாங்க? சீக்கிரமே ஓஞ்சு போச்சு. ஓடாத பொம்மைங்கறதாலயே இப்ப அது கிடைக்கறது கஷ்டம்.

கேள்வி: ஆன்லைன்ல 1896 மெக்கின்லி பட்டன் பேட்ஜ் ஒண்ணு வாங்கினேன், புத்தம் புதுசா பளபளன்னு இருக்கு, ஏமாந்துட்டேனோன்னு பயமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கறது? (மதுரை வாசகர்)

பதில்: பளபளப்பை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, பெட்டிக்குள்ளயே இருந்த நல்ல பட்டனும் உண்டு. முதல்ல ஓரத்தைப் பாருங்க. 1896 காலத்துப் பட்டன்னா காகிதத்துல அச்சடிச்ச படம், அது மேல மெல்லிசா செல்லுலாய்ட்ங்கிற பழைய கால பிளாஸ்டிக் தாள், ரெண்டையும் உலோகத் தட்டு மேல இழுத்துப் பின்பக்கமா மடிச்சு ஒரு வளையம் வச்சு இறுக்கியிருப்பாங்க. தகரத்து மேலயே நேரா அச்சடிச்சிருந்தா அது 1896 பட்டன் கிடையாது, அந்த முறை பின்னாடி வந்தது.

அப்புறம் அந்த மடிப்பு ஓரத்தை பூதக்கண்ணாடி வச்சு ஒரு சுத்து படிங்க. 1968ல க்ளீனெக்ஸ் டிஷ்யூ கம்பெனியும் 1972ல அமெரிக்கன் ஆயில் கம்பெனியும் விளம்பரத்துக்காக பழைய தேர்தல் பட்டன்களை செட் செட்டா மறு அச்சு அடிச்சு விட்டாங்க, அதுல ஓரத்துல கம்பெனி பேரும் வருஷமும் பொடி எழுத்துல இருக்கும். சில பேரு அந்த எழுத்தைச் சுரண்டியோ பெயின்ட் அடிச்சோ விப்பாங்க, ஓரத்துல சுரண்டின தடம் இருந்தா அங்கயே விட்டுடுங்க. இந்தக் குழப்பமெல்லாம் பெருகித்தான் 1973ல அமெரிக்காவுல ஒரு சட்டமே போட்டாங்க, பழைய அரசியல் சாமான் மாதிரி நகல் செஞ்சா எந்த வருஷம் செஞ்சதுன்னு அழியாத மாதிரி பதிக்கணும்னு. நாணய நகலுக்கும் அதே சட்டம்தான்.

பின்பக்கத்துல நியூவார்க் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி காகிதம் ஒட்டி அதுல 1896னு காப்புரிமைத் தேதி இருந்தா நிறைய பேர் அதையே பட்டனோட வயசுன்னு எடுத்துப்பாங்க. அது காப்புரிமை வாங்கின தேதி மட்டும்தான், அந்தத் தேதி போட்ட காகிதத்தைப் பல வருஷம் கழிச்சு செஞ்ச பட்டன்லயும் ஒட்டியிருக்காங்க. ஆனா முன்னாடி மெக்கின்லி, கூட ஹோபர்ட்னா 1896தான், மெக்கின்லி கூட தியோடர் ரூஸ்வெல்ட்னா 1900. துணை வேட்பாளரைப் பார்த்து வருஷம் சொல்றதுதான் சுலபமான வழி.

உங்களுக்கு வித்தவர்கிட்ட பின்பக்கப் படமும் ஓரத்துப் படமும் கேளுங்க, நேர்மையானவர்னா உடனே அனுப்புவார். அமெரிக்காவுல இதுக்குன்னே 1945லேர்ந்து அரசியல் பொருள் சேகரிப்பாளர்கள் சங்கம் ஒண்ணு இருக்கு, போலி சாமான் பத்தி அவங்க ரொம்ப காலமா எழுதி எச்சரிச்சுட்டு வர்றாங்க.

கேள்வி: 1964 ஜனாதிபதி தேர்தல்ல எதிர் எதிரா நின்ன ஜான்சன், கோல்ட்வாட்டர் ரெண்டு பேர் பொம்மையும் பெட்டியோட ஒருத்தர் தர்றேங்கிறார். கட்சி குடுத்ததா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: இல்ல. அது ரெம்கோங்கிற பொம்மை கம்பெனி செஞ்சு கடையில வித்தது, அதே வருஷம் பீட்டில்ஸ் பொம்மையும் போட்டவங்க அவங்கதான். பிளாஸ்டிக் பொம்மை, பெட்டி இருந்தா விலை கூடும். வாங்கலாம், நல்ல பொருள்தான், ஆனா கட்சி குடுத்ததுன்னு சொல்லி விலை ஏத்தினா ஒத்துக்காதீங்க. அதே மாதிரி யானை பொம்மை, கழுதை பொம்மை எதைப் பார்த்தாலும் கட்சிப் பொம்மைன்னு நினைக்கறதும் தப்பு. தாமஸ் நாஸ்ட் 1870கள்ல போட்ட கார்ட்டூன்கள்தான் யானையைக் குடியரசுக் கட்சிக்கும் கழுதையை ஜனநாயகக் கட்சிக்கும் ஒட்ட வச்சுச்சு, அதுக்காக உலகத்துல இருக்கிற எல்லா யானை பொம்மையும் ஓட்டு கேட்டது ஆயிடாது. வேட்பாளர் பேரோ, வருஷமோ, கோஷமோ இருக்கணும்.

கேள்வி: நம்ம ஊர்ல இப்படி எதுவும் இல்லையா ஐயா? எங்க தாத்தா பழைய கட்சிக்காரர், டிரங்குப் பெட்டி நிறைய பேட்ஜ், தொப்பி, மோதிரம், சாவி வளையம்னு வச்சுட்டுப் போயிட்டார். அம்மா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு சொல்றாங்க. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தயவுசெஞ்சு போடாதீங்க தம்பி. அம்மாகிட்ட நான் கெஞ்சிக் கேட்டதா சொல்லுங்க.

நம்ம நாட்டுல பொம்மை குடுக்கற பழக்கம் அமெரிக்கா மாதிரி வளரலை, காரணம் சட்டம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஓட்டுக்காகப் பரிசு குடுத்தா அது ஊழல் நடவடிக்கை. தொப்பி, துண்டு, முகமூடி மாதிரி ஊர்வலத்துல போட்டுக்கறது பரவாயில்ல, வேட்பாளர் செலவுக் கணக்குல காட்டணும், ஆனா சேலை சட்டைன்னு குடுக்கக் கூடாதுன்னு தேர்தல் கமிஷன் சொல்லியிருக்கு. பிள்ளைங்களைப் பிரச்சாரத்துல எந்த விதத்துலயும் பயன்படுத்தக் கூடாதுன்னு 2024லயும் கண்டிப்பா சொன்னாங்க, அந்த விஷயத்துல நான் கமிஷன் பக்கம்தான்.

ஆனா நம்மகிட்ட வேற ஒண்ணு இருக்கு, தேர்தல் சின்னம். படிக்கத் தெரியாதவங்களும் ஓட்டுப் போடணும்னு 1951-52 முதல் பொதுத்தேர்தல்லயே சின்னம் வந்துச்சு, அப்ப ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். அந்தச் சின்னம்தான் தகர பேட்ஜா, பிளாஸ்டிக் பேட்ஜா, மாநாட்டுப் பந்தல் வெளியே கடையில விக்கற மோதிரமா, அட்டை விசிறியா நம்ம பிள்ளைங்க கைக்கு வந்துச்சு. சில சின்னம் விளையாட்டுச் சாமானாவே இருக்கு பாருங்க, மதிமுக பம்பரத்துல நின்னுச்சு, சுயேச்சைகளுக்குக் குடுக்கற பட்டியல்ல கேரம் போர்டும் பலூனும் வந்திருக்கு.

அந்தச் சின்னத்தை வச்சே உங்க தாத்தா பெட்டியில இருக்கறதுக்கு வருஷம் சொல்லிடலாம். நுகத்தடி பூட்டின ரெட்டைக் காளை இருந்தா 1969ல காங்கிரஸ் உடையறதுக்கு முன்னாடி உள்ளது. பசுவும் கன்றும்னா இந்திரா காங்கிரஸ், 1971 தேர்தல், 1977 தேர்தல் காலம். கை சின்னம்னா 1978க்கு அப்புறம். அதிமுக ரெட்டை இலையோட முதல்ல நின்னது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல்ல. எல்லாத்தையும் விட சேவல் இருக்கா, ரெட்டைப் புறா இருக்கான்னு தேடுங்க. எம்ஜிஆர் மறைஞ்சப்புறம் கட்சி ரெண்டாகி ரெட்டை இலை முடங்கினப்ப, 1989 சட்டமன்றத் தேர்தல்ல ஜெயலலிதா அணி சேவல்லயும் ஜானகி அணி ரெட்டைப் புறாவுலயும் நின்னாங்க, கட்சி ஒண்ணானதும் ரெண்டும் போயிடுச்சு. ஒரே தேர்தலுக்காகச் செஞ்ச பேட்ஜ் அது. இதே மாதிரிதான் 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு தினகரன் அணி போட்டுக்கிட்டு வந்த தொப்பி, அந்தத் தேர்தலே கடைசி நேரத்துல ரத்தாயிடுச்சு. நடக்காத தேர்தலோட சாமான் எத்தனை பேர் எடுத்து வச்சிருப்பாங்க?

அமெரிக்காவுல ஒரு சின்ன பட்டன் 1,85,000 டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கு, 1920ல தோத்துப்போன காக்ஸும் அவர் கூட துணை ஜனாதிபதிக்கு நின்ன ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்து இருக்கிற பட்டன். தோத்தவங்க கையில காசு கம்மி, கம்மியாத்தான் அடிச்சாங்க, பின்னாடி அதுல ஒருத்தர் நாலு தடவை ஜெயிச்ச ஜனாதிபதி ஆனார். நம்ம பேட்ஜுக்கு அந்த விலையெல்லாம் வராது, அதுக்காக நான் சொல்லலை. உங்க தாத்தா எந்த மாநாட்டுக்கு லாரியில போய் எதை வாங்கிட்டு வந்தார்ங்கிறது வேற எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. பாட்டியோ பெரியப்பாவோ இருக்காங்கன்னா பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணா கையில குடுத்துக் கேளுங்க, சொல்றதை போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி. தாத்தாவுக்குப் பிடிக்காத கட்சி பேட்ஜ் ஒண்ணு ரெண்டு உள்ள கிடந்தா அதையும் பிரிக்காம அப்படியே வைங்க, அது எப்படி அங்க வந்துச்சுங்கிறதே ஒரு கதையா இருக்கும்.

கேள்வி: எங்க ஊர்ல கடல் காத்து, எல்லாம் துருப்பிடிக்குது. பேட்ஜை ஈரத்துணியால துடைச்சேன், படத்துல பழுப்புக் கறை வந்துடுச்சு. (நாகர்கோவில் வாசகி)

பதில்: செல்லுலாய்ட் பட்டனுக்குத் தண்ணிதான் எமன். ஓரத்து வழியா உள்ள போய் காகிதத்துல ஊறும், பின்னாடி இரும்பு துருப்பிடிச்சு அந்தத் துரு படத்துல கறையா வரும், வந்த கறை போகாது. காஞ்ச மெல்லிசுப் பருத்தித் துணி மட்டும் போதும். தகரப் பொம்மைக்கும் அப்படித்தான், துரு எடுக்கறேன்னு உப்புக் காகிதம் போட்டுத் தேய்ச்சீங்கன்னா அச்சும் சேர்ந்து போயிடும். பிள்ளை கை பட்டுத் தேஞ்ச இடம் தேஞ்சதாவே இருக்கட்டும்.

தகர சாமானை மூடி போட்ட டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க. செல்லுலாய்டை மட்டும் அதுல சேர்க்காதீங்க, அது வருஷக்கணக்குல அமில வாடை விடும், காத்தோட்டம் வேணும், சீக்கிரம் தீப்பிடிக்கவும் செய்யும், விளக்கு மாடம் பக்கம் வேண்டவே வேண்டாம். மெத்துனு இருந்து பிளாஸ்டிக் வாசனை அடிக்கிற வினைல் கவர் ஒட்டிக்கும், ரப்பர் பேண்டு பட்ட இடத்துல உலோகம் கறுக்கும், அந்துருண்டை சில பிளாஸ்டிக்கை இளக வச்சிடும். அமிலம் இல்லாத காகிதமும் சாதாரண அட்டைத் தட்டும் போதும்.

கேள்வி: ஜிம்மி கார்ட்டர் சிரிப்போட நடக்கிற வேர்க்கடலைப் பொம்மை ஒண்ணு இருக்கு, சாவி குடுத்தா ரெண்டு அடி நடந்து நின்னுடுது. ரிப்பேர் பண்ணலாமா? (சென்னை வாசகர்)

பதில்: கார்ட்டர் ஜார்ஜியாவுல பிளெய்ன்ஸ் ஊர்ல வேர்க்கடலை விவசாயி, 1976 தேர்தல்ல அந்தக் கடலையே அவர் அடையாளமாச்சு, அதே சிரிப்போட ஆளுயரத்துக்கு மேல ஒரு கடலைச் சிலை அந்த ஊர்ல இன்னும் நிக்குது. உங்க பொம்மை நின்னு போறதுக்குப் பெரும்பாலும் காரணம் உள்ள பழைய எண்ணெய் பிசினா இறுகினதுதான், ஸ்பிரிங் உடைஞ்சிருக்காது. சாவியை இறுக்கி இறுக்கித் திருப்பாதீங்க. பழைய கடிகாரம் ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுங்க, திறக்காமலே ஒரு சொட்டு கடிகார எண்ணெய் விட முடியுமான்னு முதல்ல கேளுங்க, முடியாதுன்னா பிளாஸ்டிக்கைப் பிளக்க விடாம அப்படியே திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க.